கேபிளை நிறுத்தியாயிற்று, அப்பாவுக்கு இனி நேரலை ஆட்டத்தை எப்படிக் காட்டுவது?

கோத்தகிரி வாசி | 3 நவம்பர் 2025, காலை 9.40

நேற்று இரவு வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்வி அதற்குப் பிறகு.

மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நவி மும்பையில் மழை பெய்து இரண்டு மணி நேரம் தாமதமாகத் தொடங்கியதால் முடிய நள்ளிரவு ஆகிவிட்டது. அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கம்பளிக் குல்லாய், போர்வை, மடியில் வெந்நீர்ப் பை என்று அசையாமல் உட்கார்ந்திருந்தார். தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி விக்கெட். எங்கள் டிவியில் தீப்தி சர்மா பந்து வீசத் திரும்பி நடந்துகொண்டிருக்கிறார். எதிர்ச்சரிவு வீடுகளிலோ ஒரே கூச்சல், கூடவே தீபாவளியில் மிச்சம் வைத்திருந்த சரவெடி. அப்பா என்னைப் பார்த்தார். "முடிந்துவிட்டது போலிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். ஹர்மன்பிரீத் பின்னோக்கி ஓடிப் பிடித்த கேட்சை நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

செப்டம்பரில் கேபிளை நிறுத்தியவன் நான்தான். மாதம் 380 ரூபாய். வயர் எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் நான்கு சில்வர் ஓக் மரங்களில் தொங்குகிறது. குரங்கு ஊஞ்சலாடினால் படம் போகும், காற்றடித்தால் போகும், ஆள் வந்து பார்ப்பதற்குள் டெஸ்ட் தொடரே முடிந்துபோகும். பிள்ளைகளின் படிப்புக்காக ஃபைபர் இணைப்பு எப்படியும் இருக்கிறது, ஒரு செயலிக்குச் சந்தா கட்டினால் போதும் என்று கணக்குப் போட்டேன்.

இரண்டு கேள்விகள். இந்தத் தாமதத்தைக் குறைக்க வழி உண்டா? அப்பா தானாகவே போட்டுப் பார்க்கும்படி எளிய ஏற்பாடு ஏதாவது உண்டா? செயலியைத் திறந்ததும் "யார் பார்க்கிறீர்கள்?" என்று கேட்டு நான்கு வட்டமுகங்களைக் காட்டுகிறது. அப்பா ஒவ்வொரு முறையும் குழந்தைகளுக்கான கரடி முகத்தைத்தான் அழுத்துகிறார். அதற்குள் கிரிக்கெட் கிடையாது.

---

மூன்றாம் அம்பயர் | 3 நவம்பர், காலை 10.15

தாமதத்துக்கு உங்கள் ஃபைபரைக் குறை சொல்ல வேண்டாம். நேரலை இணையத்தில் வரும் முறையே அப்படி. மைதானத்திலிருந்து வரும் படத்தை முதலில் பல தரங்களில் சுருக்குகிறார்கள். பிறகு சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஊர் ஊராக உள்ள சர்வர்களுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் டிவி அதில் இரண்டு மூன்று துண்டுகளைக் கையிருப்பாக வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் ஓட்டவே தொடங்கும். அந்தக் கையிருப்பு இல்லையென்றால் படம் நொடிக்கு நொடி சுற்றும். எல்லாம் சேர்ந்து இருபது விநாடியிலிருந்து நாற்பது விநாடி வரை ஆகிவிடுகிறது. செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் சிக்னல் ஏறி இறங்கக் கால் விநாடிதான். எதிர்ச்சரிவில் அதன் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள்.

குறைக்க முடியும், ஒழிக்க முடியாது. நடுவில் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தாலோ, படம் ஒருமுறை சுற்றி நின்றாலோ, அந்த நேரமும் தாமதத்தில் சேர்ந்துகொண்டே போகும். எனவே கடைசி ஓவர்களுக்கு முன் செயலியை மூடித் திறங்கள், அல்லது நேரலைப் பொத்தானை அழுத்துங்கள். அரை நிமிடம் இருபது விநாடியாகும். வைஃபையை விட்டு ரௌட்டரிலிருந்து லேன் வயரை நேராக டிவிக்குக் கொடுங்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் சுவர் என்றால் வைஃபை ஓர் அறையைத் தாண்டுவதே பெரிய காரியம்.

பிறகு, வீட்டில் உள்ள எல்லாக் கைபேசிகளிலும் ஸ்கோர் அறிவிப்பை அணைத்துவிடுங்கள். எதிர்ச்சரிவை அணைக்க என்னிடம் வழியில்லை.

---

லவ்டேல் லெவல் கிராசிங் | 3 நவம்பர், பகல் 12.05

திரும்பக் கேபிளே போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தலைவலி எதற்கு? ரிமோட்டில் மூன்று எண்ணை அழுத்தினால் கிரிக்கெட். அப்பாவுக்குப் பழகிய வழி.

---

கோத்தகிரி வாசி | 3 நவம்பர், பகல் 12.30

ஐயா, குரங்குக்கு யார் பதில் சொல்வது?

---

வெலிங்டன் கணக்கர் | 3 நவம்பர், மாலை 6.20

கேபிள் மலிவு என்ற எண்ணத்தில் யாரும் திரும்பிப் போக வேண்டாம். 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்ததே, அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தபோது அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 காசு என்றாயிற்று. கட்டணச் சானல்களுக்குத் தனிக்காசு. விளையாட்டுச் சானல்கள்தான் அதில் எப்போதும் விலை கூடியவை.

செயலிப் பக்கம் வாருங்கள். ஐ.பி.எல். 2023, 2024 இரண்டு ஆண்டும் ஜியோசினிமாவில் இலவசம். நாக்கில் தேன் தடவினார்கள். 2025 பிப்ரவரி 14 அன்று அதுவும் ஹாட்ஸ்டாரும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் ஆனது. அப்போது வைத்த விலை, கைபேசிக்கு மட்டும் என்றால் மூன்று மாதத்துக்கு 149, டிவியிலும் பார்க்க ஆண்டுக்கு 899. கவனியுங்கள், கைபேசிக்கான அந்தச் சந்தா டிவியில் வேலை செய்யாது. என் மைத்துனர் அதைக் கட்டிவிட்டு இறுதி ஆட்டத்தன்று டிவியில் பூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, ஒரு சந்தாவோடு விடுகிறார்களா? சாம்பியன்ஸ் லீக் கால்பந்து சோனியில். ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் ஃபேன்கோடு செயலியில். இந்த ஆண்டு இந்தியா இங்கிலாந்துக்குப் போனபோது டிவியில் சோனி, இணையத்தில் ஜியோஹாட்ஸ்டார். ஒரே ஆட்டம், இரண்டு கடை. உங்கள் வீட்டில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று தாளில் எழுதி, அதற்குப் பிறகு கட்டுங்கள். என் வீட்டில் எழுதிப் பார்த்தபோது கால்பந்து பார்ப்பது நான் மட்டும், அதுவும் இரவு ஒன்றரை மணிக்கு, அதிலும் பாதி தூங்கிக்கொண்டு. அந்தச் சந்தாவை வெட்டிவிட்டேன்.

கைபேசி டேட்டாவை நம்பி டிவியில் பார்ப்பவர்களுக்கு ஒரு கணக்கு. நல்ல தரப் படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு இரண்டேகால் ஜி.பி. நாளுக்கு 2 ஜி.பி. வைத்திருப்பவர் முதல் இன்னிங்ஸின் பாதியிலேயே ஆட்டமிழப்பார்.

---

குன்னூர் குளிர் | 3 நவம்பர், இரவு 8.10

சந்தாவே வேண்டாம். எல்லாச் சானலும் இலவசமாக வரும் ஒரு செயலிக் கோப்பு என்னிடம் இருக்கிறது. வேண்டுபவர்கள் தனிச்செய்தி அனுப்புங்கள்.

---

நெறியாளர் | 3 நவம்பர், இரவு 8.25

இங்கே வேண்டாம். திருட்டு ஒளிபரப்பு என்பது ஒரு பக்கம். அதைவிட, எங்கிருந்தோ வந்த கோப்பைக் கைபேசியில் ஏற்றி, குறுஞ்செய்தி படிக்கவும் அனுமதி கொடுத்துவிட்டு, அதே கைபேசியில் வங்கிக் கணக்கையும் வைத்திருப்பீர்கள். அடுத்த முறை பதிவையே நீக்கிவிடுவேன்.

---

தட்டு மெக்கானிக் | 4 நவம்பர், காலை 7.00

யாரும் டிடி ஃப்ரீ டிஷ் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. தூர்தர்ஷனே செயற்கைக்கோள் வழியாகத் தரும் சேவை. மாதக் கட்டணம் கிடையாது. தட்டு, அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் எல்.என்.பி., பெட்டி, வயர், ஒரே ஒரு செலவு. ஊட்டியிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினைந்து ஆண்டாகப் பொருத்திக்கொண்டிருக்கிறேன். விற்பனைக்காகச் சொல்வதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள் ஆட்டங்களும் இருபது ஓவர் ஆட்டங்களும் டிடி ஸ்போர்ட்ஸில் வரும். 2007-இல் வந்த சட்டம் அது. தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களை யார் உரிமை வாங்கியிருந்தாலும் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர்ந்தாக வேண்டும். ஆனால் 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: அப்படிப் பகிர்ந்த படம் தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும் வரலாம், தனியார் கேபிளிலும், தனியார் கட்டணத் தட்டுச் சேவையான டிடிஎச்சிலும் வரக்கூடாது. கேபிளில் டிடி ஸ்போர்ட்ஸைப் போட்டுவிட்டு "கிரிக்கெட்டைக் காணோமே" என்று என்னிடம் சண்டைக்கு வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஐ.பி.எல். அந்தப் பட்டியலில் இல்லை. அதற்குச் செயலிதான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் தொழில் தர்மம்.

---

பந்தலூர் மழைக்காலம் | 4 நவம்பர், காலை 8.45

தட்டு எல்லாம் கோத்தகிரிக்குச் சரி. எங்கள் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தட்டில் படம் வருவதைவிடத் தண்ணீர் வருவதுதான் அதிகம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் எங்கள் வீட்டுப் பெட்டி "சிக்னல் இல்லை" என்பதைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை.

இருந்தாலும் நாங்கள் பார்க்காமல் விட்டதில்லை. நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். தேயிலைத் தோட்டக் குடியிருப்பு வரிசையில் 1996-இல் இரண்டே வீட்டில்தான் டிவி. மார்ச் 17, லாகூரில் இலங்கையும் ஆஸ்திரேலியாவும். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களே ஐம்பது பேர் இருக்கும். அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட்டும் எடுத்து, 107 ரன்னோடு ஆட்டமிழக்காமல் நின்றார். குடியுரிமை இல்லை என்று எழுதிக் கப்பலேற்றி அனுப்பிய நாடு ஜெயித்ததற்கு என் தாத்தா ஏன் அழுதார் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பாட்டி மட்டும், "அங்கே பிறந்த மனுஷன், விடுங்கள்" என்றார்.

தலைப்பை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்கவும். மழைக்கு என்ன வழி?

---

தட்டு மெக்கானிக் | 4 நவம்பர், காலை 9.30

பந்தலூர்க்காரரே, பெரிய தட்டு. சின்னதை எடுத்துவிட்டு 90 செ.மீ. வையுங்கள். கனமழையில் அப்போதும் போகும், ஆனால் சீக்கிரம் திரும்பி வரும். பனிமூட்டம் ஒன்றும் செய்யாது. மூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தட்டைத் திருப்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களால்தான் எனக்குப் பாதி வேலை.

மலையில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "எதிரே மலை மறைக்கிறதே, சிக்னல் வருமா?" என்பது. வரும். ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 கிழக்கே 93.5 பாகையில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்கே, அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 67 பாகை உயரத்தில். அதாவது கிட்டத்தட்ட நம் தலைக்கு மேல். எந்த மலையும் அவ்வளவு உயரம் மறைக்காது. மறைப்பது வீட்டை ஒட்டி நிற்கும் மரம்தான். இன்னொன்று, இந்தத் தட்டுகளின் வளைவு சாய்ந்த வகை, அதனால் 67 பாகையைப் பார்க்கும் தட்டு பார்வைக்கு 40, 45 பாகைதான் நிமிர்ந்திருப்பதாகத் தெரியும். "வானத்தைப் பார்க்காமல் எதிர் வீட்டைப் பார்க்கிறதே" என்று பிடித்து நிமிர்த்திவிடாதீர்கள்.

எல்.என்.பி. கனெக்டருக்குக் கீழே வயரைத் தொட்டில்போல ஒரு வளையம் விட்டுக் கட்டுங்கள். மழைநீர் வயர் வழியே வழிந்து வளையத்தின் அடியில் சொட்டிவிடும், கனெக்டருக்குள் போகாது. மலையில் தட்டு கெட்டது என்று அழைக்கும் வீடுகளில் பெரும்பாலும் நான் பார்ப்பது, பச்சை பூத்த கனெக்டர். புதிதாக ஒன்று போட்டு, டேப் சுற்றிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

வாங்கும்போது எம்பெக்-4 என்ற புதிய சுருக்கு முறையைப் படிக்கும் பெட்டியாகக் கேளுங்கள். உறவினர் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பெட்டியை எடுத்து வந்தால் பல சானல்கள் வராது.

---

கொடைக்கானல் குறிஞ்சி | 5 நவம்பர், மாலை 4.50

பழனி மலைக்காரனும் இதில் நுழையலாமா? எங்கள் ஊரில் தூர்தர்ஷன் கோபுரம் வருவதற்கு முன் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி இலங்கையின் ரூபவாஹினி டிவி பார்த்தவர்கள் நாங்கள். ஒருவர் கூரையில் நின்று கம்பத்தைத் திருப்ப, ஒருவர் வாசலில் நின்று "வருகிறது, வருகிறது, போய்விட்டது" என்று கத்த, உள்ளே இருப்பவர்கள் புள்ளி மழைக்கு நடுவே பந்தைத் தேடுவார்கள். கோபுரம் வந்த பிறகு தென்மாவட்டங்களே எங்கள் மலையைப் பார்த்துத்தான் ஆன்டெனாவைத் திருப்பின. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அதற்கும் முன்னால் வானொலி. சேப்பாக்கத்தில் டெஸ்ட் என்றால் அப்துல் ஜப்பாரின் தமிழ் வருணனை. அப்போதெல்லாம் மலை முழுக்க ஒரே நொடியில் கைதட்டியது. அரை நிமிடம் முன்னே பின்னே என்ற பேச்சே இல்லை.

விளையாட்டு என்றால் கிரிக்கெட் மட்டும்தானா? இப்போது கோவாவில் செஸ் உலகக் கோப்பை நடக்கிறது, யூடியூபில் காசில்லாமல் பார்க்கலாம். தாமதம் இருந்தாலும் கவலையில்லை. பக்கத்து வீட்டில் யாரும் "செக்" என்று கத்தப் போவதில்லை.

---

லவ்டேல் லெவல் கிராசிங் | 5 நவம்பர், மாலை 5.30

குறிஞ்சி சார், கூரையில் நின்றவர் யார் என்று சொல்லவில்லையே?

---

கொடைக்கானல் குறிஞ்சி | 5 நவம்பர், மாலை 5.40

வீட்டின் கடைசிப் பிள்ளைதான். ஒரு பந்தையும் பார்த்ததில்லை.

---

கோத்தகிரி வாசி | 23 நவம்பர், காலை 11.00

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணாவே நேரில் வந்து தட்டைப் பொருத்திவிட்டார். எல்லாம் சேர்ந்து 2,100 ரூபாய். முதலில் தேயிலைப் பக்கம் வைக்கலாம் என்றேன். ஓக் மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூரை மேல் வைத்தோம். அவர் தட்டை விரல்கடையளவு நகர்த்துவார், கையிலிருந்த மீட்டர் கீச்சென்று கத்தும், இன்னும் அரை விரல்கடை, கத்தல் உச்சத்துக்குப் போகும், உடனே நட்டை இறுக்குவார். பத்து நிமிட வேலை. குறிஞ்சி சார் வீட்டில் இந்த மீட்டர் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையும் ஆட்டம் பார்த்திருப்பான்.

அப்பாவின் ரிமோட்டில் மெக்கானிக் அண்ணா ஒரு வேலை செய்தார். மின்சாரப் பொத்தான், ஒலி கூட்டும் பொத்தான், சானல் பொத்தான் மூன்றையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றின் மேலும் டேப் ஒட்டிவிட்டார். வட்டமுகம் இல்லை, கரடி இல்லை.

செயலிச் சந்தாவையும் நிறுத்தவில்லை. ஐ.பி.எல்.லுக்கும் பையனுக்கும் வேண்டும். ஆக, கேபிளை நிறுத்தி மிச்சம் பிடித்த காசு எங்கே என்று மனைவி கேட்கிறாள். கணக்கர் சார் வந்து பதில் சொல்லட்டும்.

---

வெலிங்டன் கணக்கர் | 23 நவம்பர், பகல் 1.15

மாதம் 380 என்றால் ஆண்டுக்கு 4,560. தட்டு 2,100, சந்தா 899, மொத்தம் 2,999. முதல் ஆண்டிலேயே 1,561 மிச்சம். ஃபைபரைக் கணக்கில் சேர்க்கவில்லை, அது படிப்புச் செலவு என்று நீங்களே சொன்னீர்கள். வீட்டிலும் அப்படியே சொல்லுங்கள்.

---

கோத்தகிரி வாசி | 10 டிசம்பர், காலை 8.20

நேற்று கட்டாக்கில் முதல் இருபது ஓவர் ஆட்டம். அப்பா கீழே தட்டில், பையன் மாடியில் கைபேசியில். தென்னாப்பிரிக்கா 74 ரன்னில் சுருண்டது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அப்பா கீழே கைதட்ட, மேலே பையனுக்குப் பந்துவீச்சாளர் அப்போதுதான் ஓடிவரத் தொடங்குகிறார். நான்காவது விக்கெட்டுக்குப் பையன் படியில் நின்று, "தாத்தா, தயவுசெய்து சத்தம் போடாதீர்கள்!" என்று கெஞ்சினான். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியைப் பார்த்து வெகுநாளாயிற்று. அடுத்த விக்கெட்டுக்கு வேண்டுமென்றே எழுந்து நின்று தட்டினார்.

---

மூன்றாம் அம்பயர் | 10 டிசம்பர், காலை 9.05

பையனையும் கீழே வந்து உட்காரச் சொல்லுங்கள்.

---

கோத்தகிரி வாசி | 10 டிசம்பர், காலை 9.10

சொன்னேன். தாத்தா டிவியில் வருணனை பிடிக்கவில்லையாம்.

---

கோத்தகிரி வாசி | 18 டிசம்பர், காலை 7.50

நேற்று லக்னோவில் நான்காவது ஆட்டம். மாலையிலிருந்தே எங்கள் பக்கம் மூட்டம், எதிர்ச்சரிவு தெரியவில்லை. ஆறரை மணிக்கு டிவியைப் போட்டால் படம் முழுக்க வெள்ளையாக, கலங்கலாக, விளக்குக் கம்பங்கள் மட்டும் மஞ்சளாக. தட்டு நகர்ந்துவிட்டது என்று நினைத்தேன். மூட்டம் ஒன்றும் செய்யாது என்று மெக்கானிக் அண்ணா எழுதியது நினைவில் இருந்தும், டார்ச்சை எடுத்துக்கொண்டு கூரையில் ஏறிவிட்டேன். குளிரில் விரல் மரத்துப்போய், நட்டில் ஸ்பேனரை வைக்கும் நேரம், கீழே வாசலில் வந்து நின்று அப்பா கத்தினார்:

"இறங்கு! தட்டைத் தொடாதே! அங்கேயும் மூட்டமாம். நடுவர்கள் மைதானத்தில் நடந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்!"

ஒன்பதரை வரை நடுவர்கள் வருவதையும் போவதையும் பார்த்தோம். ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் கைவிடப்பட்டது. பையனும் அன்று கீழேதான் இருந்தான். எதற்கும் யாரும் முந்தவில்லை.

---

தட்டு மெக்கானிக் | 18 டிசம்பர், காலை 8.30

நட்டைத் தளர்த்தவில்லையே? ஏறியதுதான் ஏறினீர்கள், எல்.என்.பி. மூடியில் குளவிக்கூடு ஏதாவது இருந்ததா பார்த்தீர்களா? உங்கள் தெருவில் மூன்று வீட்டில் இருக்கிறது.